அடைப்புக்குறிக்குள் ஒரு பாலம்

தலைவலி, முடி கொட்டுவது, படபடப்பு, மறதி என்று மூன்று பக்கம் கடிதம் எழுதிவிட்டு, ஒன்றை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள்: 'போன வாரம் காலையில் பினாங்கு பாலத்தில், ஓரக் கோட்டில் டயர் உரசிய சத்தத்தில்தான் விழித்தேன்.' அதற்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை.

பயத்தை முதலில் முடித்துவிடுவோம். அம்மாவுக்கு எழுபதில் வந்த மறதி நோய் உங்களுக்கு 39-இல் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. யார் எந்தத் தேதியில் என்ன சொன்னார்கள் என்று இவ்வளவு துல்லியமாக எழுதுகிறவருக்கு அது இருப்பது அரிது. ஐந்தரைக்கு எழுந்து மகளுக்குச் சாப்பாடு கட்டி, பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி, பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போய்த் திரும்பி, இரவு பத்து முதல் பன்னிரண்டு வரை அமெரிக்க மேலாளரோடு பேசினால் எவருக்கும் மறக்கும், தலையும் வலிக்கும். முடிக்கும் படபடப்புக்கும் ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் ஒரே தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம். இணையத்தில் பார்த்த மூளைக் கட்டிப் படங்களை மூடுங்கள்.

பாலத்துக்கு வருவோம். 13.5 கிலோமீட்டர். மணிக்கு 80-இல் மூன்று நொடி கண் செருகினால், 65 மீட்டருக்கு மேல் கார் ஆளில்லாமல் ஓடுகிறது. கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி), எதுவும் தூக்கக் கடனை அடைக்காது. போதாக்குறைக்கு, தோழி சொன்னாள் என்று நள்ளிரவில் சளி மாத்திரை வேறு! அதிலுள்ள குளோர்பெனிரமின் என்ற தூக்கம் வரவைக்கும் மருந்து காலை ஏழு மணிக்கும் உங்கள் ரத்தத்தில்தான் இருக்கும். அதோடுதான் ஸ்டியரிங் பிடித்திருக்கிறீர்கள். இன்றிரவே நிறுத்துங்கள்.

'ஜெர்மன்காரர் ஆறு மணிக்கு மேல் போனே எடுப்பதில்லை, நான்தான் பலவீனமா?' என்கிறீர்கள். ஜெர்மனியில் ஒரு நாள் வேலை முடிந்து அடுத்தது தொடங்க 11 மணி நேர இடைவெளி சட்டத்திலேயே இருக்கிறது. உங்களுக்கு பன்னிரண்டிலிருந்து எட்டு வரைதான், அதிலும் சமையலும் பாலமும் அடக்கம். தவிர, 'முடியுமா?' என்று கேட்டால் நாம் 'கேன் லா' (முடியும்) என்று சொல்லிவிட்டு வீட்டில் வந்து முனகுவோம். அந்த அமெரிக்கர் உங்கள் 'கேன் லா'வை அப்படியே நம்பிவிட்டார், பாவம்.

2023 ஜனவரியிலிருந்து, மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி வேலை நேரத்தை மாற்றக் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். 'இரவு பேசும் நாளுக்கு மறுநாள் பதினொரு மணிக்கு வருகிறேன்' என்று ஒரே வரியில் கேளுங்கள். தலைவலிக் கதையெல்லாம் அதில் வேண்டாம்.

பதில் வரும் வரை கம்பெனி பஸ், இல்லாவிட்டால் கணவர் ஓட்டட்டும். குறட்டைக்கு நடுவே உங்களுக்கு மூச்சு நின்று திணறுகிறதா என்றும் அவரையே இரண்டு இரவு கவனிக்கச் சொல்லுங்கள். திணறினால் உறக்கப் பரிசோதனை தேவைப்படும். ரத்தம் கொடுக்க இந்த வாரமே அருகிலுள்ள கிளினிக்குக்குப் போங்கள். காரை நீங்கள் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.