ரயில் வந்தது, வாடகை ஏறியது

கேள்வி: எங்கள் தெருவில் பழைய வீடுகளை இடித்து இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். வீடு பெருகினால் வாடகை குறைய வேண்டாமா? எங்கள் வீட்டுக்காரர் திடீரென்று 2,000 ரூபாய் ஏற்றிவிட்டார்.
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பெருகினால் குறையும் அம்மா. பெருகுகிறதா என்பதுதான் கேள்வி. நான் வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டையில், ஒரே வாசலுக்குள் எட்டுக் குடித்தனம். ஒரு அடிபம்பு, விடிகாலை நாலு மணிக்கே பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும். அந்த மனையில் இப்போது ஆறு ஃபிளாட், கீழ்த்தளம் முழுக்க கார். எட்டு ஆறானது! குடி வந்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களும் அண்ணா நகர் கட்டுப்படியாகாமல் வந்தவர்கள்தான். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியதும் நம் பக்கம் அவர்கள் கண்ணில் பட்டது. ஆனால் காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலம் எடுக்கிறவள் ஊருக்கு வெளியே போய்க் குடியிருக்க முடியுமா?

உங்கள் 2,000-க்கு வருகிறேன். 2019 முதல் அமலில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எழுதாத உயர்வை அதன் காலத்துக்குள் திணிக்க முடியாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலும் வாய்ச்சொல்தான், தெரியும். அட்வான்ஸ் கொடுத்ததற்குச் சீட்டாவது வைத்திருக்கிறீர்களா?