“நல்லா இருக்கேன் சார்” என்று சொல்லிவிட்டு வரும் அப்பா

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. வீட்டு பி.பி. மெஷினில் நாடித்துடிப்பு 46, 48 என்றே காட்டுகிறது. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்றுவிடுகிறார். போன வாரம் குளியலறையில் கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டாராம். ஆனால் இதய மருத்துவரிடம் “நல்லா இருக்கேன் சார்” என்கிறார். பேஸ்மேக்கர் வைத்துவிடுவார்களோ என்று பயம். இ.சி.ஜி.யில் துடிப்பு குறைவு, வேறொன்றும் இல்லை. பி.பி. மாத்திரையும், கண் நீர் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்தும் உண்டு. என்ன செய்யலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வெறும் 46 என்றால் நான் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டேன். தினமும் ஓடிப் பழகியவர்களுக்கு அது சகஜம். தூக்கத்தில் எல்லோருக்குமே குறையும். அந்தக் குளியலறைச் சுவர்தான் உறுத்துகிறது. அதை அப்பா மறைத்தால் மருத்துவர் எதை வைத்து முடிவெடுப்பார்? இ.சி.ஜி. பதிவு பத்தே விநாடிதான். கண் இருட்டியது தெரிந்தால், ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டரை மாட்டிப் பார்ப்பார்.

அப்புறம், அந்தச் சொட்டு மருந்து. பாட்டிலில் ‘டிமோலால்’ என்று இருக்கிறதா பாருங்கள். கண்ணில் விட்டாலும் மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து துடிப்பைக் குறைக்கக்கூடியது. பி.பி. மாத்திரை அட்டெனலால், மெட்டோபிரலால் என்றால் அதுவும் அதே வகை. “என்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்று கேட்டால் கண் சொட்டை யாருமே சொல்வதில்லை, அது சாப்பிடுவதில்லையே! பாட்டிலையும் அட்டையையும் அப்படியே பையில் போட்டு எடுத்துப்போங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். இந்த மாத்திரையைத் திடீரென விட்டால் வேறு வம்பு.

காரணம் மருந்தோ தைராய்டு குறைவோ என்றால், அதைச் சரிசெய்தாலே போதுமானதாக இருக்கலாம். பேஸ்மேக்கரே தேவைப்பட்டாலும் பயம் வேண்டாம். 1958-ல் ஸ்வீடனில் முதன்முதலாக உடலுக்குள் அதை வைத்துக்கொண்ட ஆர்னே லார்சன், இருபது தடவைக்கு மேல் கருவியை மாற்றி, 86 வயதுவரை வாழ்ந்தார். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அடுத்த முறை நீங்களும் கூடவே உள்ளே போங்கள். எப்போது தலை சுற்றியது, என்ன செய்துகொண்டிருந்தார், எவ்வளவு நேரம், அப்போது துடிப்பு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை. அதுவரை குளியலறைக்குத் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். நினைவு தப்பினாலோ நெஞ்சு வலித்தாலோ அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.