கருவியா, சாதனமா, சாமானா? கேள்வி பதில்

கைக்கு அடக்கமான பொருட்களை எந்தப் பெயரில் சொல்வது என்று தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. படித்தது தமிழ் இலக்கியம். பிழைப்பு தர்மபுரியில் ஒரு ஹார்டுவேர் கடை.

அரூர், கல்லூரி மாணவி: ஐயா, ‘கேட்ஜெட்’டுக்குச் சரியான தமிழ் கருவியா, சாதனமா, உபகரணமா? மூன்றையும் எழுதுகிறார்கள்.

மூன்றும் புழக்கத்தில் உள்ளவைதான் அம்மா. ஆனால் ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. கையில் பிடித்து ஒரு வேலையை முடிக்க உதவுவது கருவி. உளியும் கருவி, ரத்த அழுத்தம் பார்ப்பதும் கருவி, நாதஸ்வரமும் துளைக்கருவி. மின்சாரமோ பேட்டரியோ உள்ளே நுழைந்துவிட்டால் பேச்சு சாதனத்துக்குப் போய்விடுகிறது: மின்சாதனம், மின்னணுச் சாதனம். உங்கள் போனில் மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள், அது தன்னையே ‘சாதனம்’ என்றுதான் சொல்லிக்கொள்ளும். உபகரணம் பெரும்பாலும் கூட்டமாக வரும், அதுவும் அலுவலக வாசனையோடு: ஆய்வக உபகரணங்கள், விளையாட்டு உபகரணங்கள். ‘அந்த உபகரணத்தை எடுடா’ என்று எந்த வீட்டிலும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இவற்றில் கருவிதான் தமிழ்ச் சொல். சாதனமும் உபகரணமும் வடமொழி வழி வந்தவை. ஆனால் கருவிக்கும் ஒரு பழைய கதை உண்டு. தொல்காப்பியம் அதற்குச் சொல்லும் பொருள் ‘தொகுதி’. சங்கப் பாட்டில் வரும் ‘கருவி வானம்’ மின்னலும் இடியும் மழையும் சேர்ந்த மேகக் கூட்டம், யாரும் செய்து வைத்த பொருள் அல்ல. குறளுக்கு வரும்போது காரியம் முடிக்க உதவும் பொருள் என்ற இன்றைய அர்த்தம் தெளிவாகவே வந்துவிட்டது.

கட்டுரை எழுதுவதாக இருந்தால் ‘கையடக்கச் சாதனம்’ என்று போடுங்கள். ஆசிரியர் குறை சொல்ல முடியாது.

காவேரிப்பட்டணம்: சுதந்திர தேவி சிலை செய்த கம்பெனியின் பெயரிலிருந்துதான் ‘கேட்ஜெட்’ வந்தது என்று படித்தேன். உண்மையா அண்ணா?

கதை நன்றாக இருக்கிறது, ஆனால் காலம் இடிக்கிறது. சிலையின் செப்பு வேலை நடந்த பாரீஸ் பட்டறையின் பெயரில் ‘கஜே’ (எழுத்தில் Gaget) என்று ஒருவர் இருந்தது உண்மை. சிலை நியூயார்க்கில் திறக்கப்பட்டது 1886இல். குட்டிச் சிலைகளை அந்தப் பெயர் போட்டு விற்றதால் சொல் பிறந்தது என்பார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1850களிலேயே, ஆங்கிலேயக் கப்பல்காரர்கள் வாயில் இந்தச் சொல் இருந்ததாகச் சொல்கிறார்கள். அச்சில் முதலில் கிடைப்பது அதே 1886இல், அதுவும் கப்பல் வாழ்க்கை பற்றிய புத்தகத்தில். பாய்மரக் கப்பலில் ஆயிரம் கயிறு, ஆயிரம் கொக்கி. ஒன்றின் பெயர் சட்டென்று வாயில் வராவிட்டால் ‘அந்த கேட்ஜெட்’ என்று சமாளித்திருக்கிறார்கள். நம் மெக்கானிக் பையன் ‘அண்ணா, அந்த ஐட்டம் குடுங்க’ என்று கை நீட்டுவதும் அதே ஜாதிதான். ஆங்கிலத்தில் இதே பொருளில் வரும் ‘கிஸ்மோ’ இன்னும் இளசு, 1940களில் அமெரிக்கப் படைவீரர்கள் பேச்சில் பரவியது.

பென்னாகரம்: எங்கள் பாட்டி இடுப்பில் ஒரு வளையம் தொங்கும், அதில் குட்டிக் குட்டியாக மூன்று இரும்பு. அதற்கு என்ன பெயர்?

ஆஹா, நல்ல கேள்வி. ஒன்று முள்வாங்கி: தகட்டை இரண்டாக மடித்து, நுனி இரண்டும் பல் போல ஒன்றையொன்று கவ்வும்படி ராவியிருப்பார்கள். அடுத்தது குத்தூசி, முள் தைத்த இடத்தில் தோலை லேசாக நெம்ப. மூன்றாவது நுனியில் கடுகளவு குழி உள்ள காதுக் குறும்பி எடுப்பான். வேலிமுள்ளும் கருவேலமுள்ளும் மிதித்து ஆடு மேய்த்த ஊரில் இது இல்லாமல் ஆகாது. கடையில் தனி முள்வாங்கி இப்போதும் போகிறது. வளையச் செட்டு கேட்டு யாரும் வருவதில்லை.

பெயர்களைக் கவனியுங்கள். முள்ளை வாங்குவதால் முள்வாங்கி. தேங்காயைத் துருவுவது துருவி, பாக்கை வெட்டுவது பாக்குவெட்டி, டீத்தூளை நிறுத்திக்கொண்டு டீயை விடுவது வடிகட்டி. செய்கிற வேலையைச் சொல்லிக் கடைசியில் ஓர் ‘இ’ போட்டால் பொருளுக்குப் பெயர் கிடைத்துவிடும். பள்ளிக்கூடத் தமிழும் இந்த வழியில்தான் போனது: திசைகாட்டி, வெப்பமானி, மழைமானி. நம் ஆட்கள் பொதுப்பெயர் தேடி அலையாமல் போனதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இவ்வளவு சுலபமாக அமையும்போது பொதுப்பெயருக்கு என்ன அவசரம்?

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்: எங்கள் ஷிப்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறார்கள். எல்லாருக்கும் புரிகிற சொல் எது சார்?

சாமான். பாரசீகத்திலிருந்து வந்து மூன்று மொழியிலும் குடியேறிவிட்ட சொல். ஆணி முதல் அண்டா வரை எதையும் தாங்கும். இளவட்டங்கள் வாயில் அதற்கு வேறு ஓர் அர்த்தமும் உண்டு, இடம் பார்த்துப் பேசுங்கள். ஸ்பேனரை ஸ்பேனர் என்றே கேளுங்கள், வேறு எதைச் சொன்னாலும் வேலை நின்றுவிடும்.

பாலக்கோடு, பட்டுப்புழு வளர்ப்பவர்: சந்திரிகை தமிழா?

கன்னடம். மூங்கில் பாயின் மேல் மூங்கில் பட்டையைச் சுழித்துச் சுழித்து நிறுத்திக் கட்டியிருப்பார்களே, பழுத்த புழு ஏறிக் கூடு கட்ட, அதற்குக் கன்னடப் பக்கம் சந்திரிகே. தொழில் போகும் இடத்துக்குச் சொல்லும் கூடவே போகும்.

ஊத்தங்கரை: கொத்தனார் ரசமட்டம் வாங்கி வரச் சொன்னார். எனக்கு மிளகு ரசம்தான் ஞாபகம் வந்தது.

கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் திரவம், அதுதான் ரசம். நடுவில் ஒரு குமிழ். இரண்டு கோட்டுக்கு இடையே குமிழ் நின்றால் சுவர் மட்டம். கூடவே சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க நூலில் தொங்கவிடும் தூக்குக்குண்டும் கேட்பார், சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

மத்தூர்: ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்கும் பொட்டு வைக்கிறோம். அது ஆயுதமா?

தச்சரும் கொத்தனாரும் தங்கள் பையை ‘ஆயுதப் பை’ என்றுதான் சொல்கிறார்கள். பிழைப்பு நடத்துவது எதுவோ அது ஆயுதம். வையுங்கள், சந்தனம் மட்டும் கீபோர்டுக்குள் போகாமல்.

கிருஷ்ணகிரி: சார்ஜர், இயர்போன், பவர்பேங்க் விற்கும் கடை திறக்கிறேன் அண்ணா. போர்டில் என்ன எழுத?

‘உதிரி பாகங்கள்’ வேண்டாம் தம்பி. உடைந்த டிஸ்பிளே மாற்றுவீர்களா என்று வந்து நிற்பார்கள். ‘செல்போன் துணைக்கருவிகள்’ சரியான சொல், ஆனால் தனியாகப் போட்டால் சிலருக்குப் புரியாது. பெயர்ப் பலகையில் தமிழ்தான் முன்னால் பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் அதைப் பெரிதாக எழுதி, கீழே சின்னதாக ‘செல்போன் ஆக்சஸரீஸ்’ என்றும் போட்டுவிடுங்கள். பக்கத்தில் ஒரு சார்ஜர் படம் வரையச் சொல்லுங்கள். பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் உள்ளே வருவார்கள்.