காப்பு கையிலேயே இருக்கட்டும்

முள்ளியவளையிலிருந்து வந்த அம்மாவுக்கு,

நீங்கள் விட்டுப்போன துண்டுப்பிரசுரம் இன்னும் என் மேசையில் கிடக்கிறது. மஞ்சள் தலைக்கவசத்தோடு ஒரு பெடியன், பின்னால் கடலில் துளைமேடை. கடலில் வாயு எடுக்கும் வேலைக்காம்: 'மூன்று மாதப் பயிற்சி, உடனடி வேலை.' காப்பை அடகு வைத்து மகனைச் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம்.

மன்னார்க் கடலில் வாயு இருப்பது பொய்யில்லை. 2011இல் கெய்ர்ன் என்ற எண்ணெய் நிறுவனம் டொராடோ, பரகுடா என்ற 2 கிணறுகளில் அதைக் கண்டது; 2015இல் விட்டுவிட்டுப் போனது. அங்கிருந்து ஓர் அடுப்புக்குக்கூட இன்னும் வாயு வரவில்லை. துளைக்க வருகிறவர்களும் கப்பலோடு வந்து கப்பலோடு போகிறவர்கள்தான்.

உங்கள் மகன், தம்பி, உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு, கணக்கீட்டில் ஏ. அவர் பார்க்கவேண்டிய பக்கம் வேறு. வாயு வந்தால் எவ்வளவு வந்தது, என்ன விலை, அரசுக்கு எவ்வளவு என்று பார்க்க ஆள் வேண்டும். வாயு எடுக்கிற அமெரிக்காவைப் பாருங்கள், அரசு வாங்கும் முறை அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸ் வாயுவின் சந்தைப் பெறுமதியில் 7.5 சதவீதம் வரி எடுக்கிறது. பெறுமதி குறைந்தால் வரியும் குறையும், அதனால் எந்தச் செலவைக் கழிக்கலாம் என்பதில்தான் இழுபறி. பென்சில்வேனியாவில் 2012 முதல் கிணற்றுக்கு இவ்வளவு என்று ஆண்டுக் கட்டணம். கிணற்றின் வயதையும் வாயு விலையையும் பார்த்துத் தொகை மாறும். அங்கே எந்தக் கிணற்றுக்குக் கட்டணம், எதற்கு இல்லை என்றே வழக்காடியிருக்கிறார்கள். நியூயோர்க் மாநிலமோ, நீரை அழுத்திப் பாறையை உடைத்து வாயு எடுப்பதையே தடுத்துவிட்டது.

நம் நாட்டிலும் 2021இல் புதிய பெற்றோலிய வளங்கள் சட்டம் வந்து, அதற்கென ஓர் அதிகாரசபையும் இருக்கிறது. சரி, வாயு வரவே இல்லை என்றால்? உங்கள் வீதியால் டிப்பரில் போகிற மணலுக்கும் இதே வேலைதான்: அனுமதிப்பத்திரம், எத்தனை கியூப் (மணல் அளக்கும் கன அளவு) என்ற கணக்கு, அரசுக்குக் கட்டவேண்டிய உரிமப்பணம். இதைச் சரிபார்க்கத் தெரிந்தவர் இறைவரித் திணைக்களத்திலும் இருக்கலாம், கம்பனியிலும் இருக்கலாம்.

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வரட்டும். வவுனியாப் பல்கலைக்கழக வியாபாரக் கற்கைகள் பீடத்தையும் விண்ணப்பத்தில் போடச் சொல்லுங்கள். இடம் கிடைக்காவிட்டால் பட்டயக் கணக்காளர் படிப்பை வீட்டிலிருந்தே தொடங்கலாம். துண்டுப்பிரசுரம் தந்த பயிற்சி நிறுவனத்திடம் ஒன்று மட்டும் எழுத்தில் கேளுங்கள்: போன முறை படித்தவர்களில் எத்தனை பேர், எந்தக் கம்பனியில் வேலை செய்கிறார்கள்? பதில் வந்தால் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மூவருமாக இருந்து வாசிப்போம்.