கவர் பிளாக்கும் அரசியல்தான்

கேள்வி: நான் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட். சாயல்குடி பக்கம் கடலோரக் கிராமம். போன கிராமசபையில் எங்கள் ஊர்க் கடற்கரைப் புறம்போக்கைப் பற்றிப் பேச்சு வந்தது. எழுந்து பேச நினைத்தேன், பேசவில்லை. "நீ வீடு வரைஞ்சு கொடுக்கிற பிள்ளை, அரசியல் பேசினா எவன் வேலை தருவான்?" என்கிறார் அப்பா. கூடப் படித்தவர்களோ நம் தொழில் நடுநிலையானது என்கிறார்கள். ஒரு கட்டடக் கலைஞர் ஊர் விவகாரத்தில் எவ்வளவு தூரம் தலையிடலாம்?
— வாசகி, சாயல்குடி வட்டாரம்

பதில்: எழுந்து பேசியிருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் அப்பாவின் பயம் பொய்யில்லை. கரையை ஒட்டி விடுதி கட்ட நினைக்கிறவர் இனி உங்கள் வாசலுக்கு வர மாட்டார். இரண்டு மூன்று வேலை கை நழுவும். அதை ஈடுகட்ட என்னிடம் வழி இல்லை. ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்லும் 'நடுநிலை' இருக்கிறதே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1968ல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் சங்கத்தின் மாநாடு போர்ட்லாந்தில் நடந்தது. அங்கே பேச வந்த கறுப்பின உரிமைத் தலைவர் விட்னி யங், சம உரிமைக்காக நாடே கொந்தளிக்கும்போது உங்கள் தொழில் காதடைக்கும் அளவுக்கு மௌனமாக இருக்கிறது என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். நடுநிலை என்று அவர்கள் நினைத்திருந்ததை, பாதிக்கப்பட்டவர்கள் வேறு மாதிரி பார்த்தார்கள்.

சரி, அமெரிக்கா இருக்கட்டும். நம் கரைக்கு வருவோம்.

இரண்டு வருடம் முன்னால் ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவே ஒரு மீனவர் குடியிருப்புக்குப் போயிருந்தேன். ஒரு தொகுப்பு வீட்டில் உட்காரப் போனபோது அந்த அம்மா பதறிப்போய், "தம்பி, நடுவுல உக்காராதீங்க, சுவத்தோரமா வாங்க" என்றார். கட்டிலைச் சுவரோடு சுவராகப் போட்டிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தேன். கூரையின் நடுவில் ஒரு பாய் அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து கம்பிகள் வெளியே தெரிந்தன. துரு, காய்ந்த வாழைச் சருகு மாதிரி அடுக்கடுக்காக உரிந்து நின்றது. விரலால் தொட்டேன், பொடியாகக் கொட்டியது. பெயராமல் மிச்சமிருந்த ஓரத்தில் கம்பிக்குக் கீழே எவ்வளவு கான்கிரீட் என்று பார்த்தால், என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. முந்தின மழையில் ஒரு துண்டு சோற்றுப் பானையில் விழுந்ததாம். பிள்ளைகளை வெளித் திண்ணையில் படுக்க வைக்கிறார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியாது. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைப் பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. நம் நாட்டுக் கான்கிரீட் தரவிதியான ஐ.எஸ். 456, கடலோரச் சூழலைக் 'கடுமையானது' என்று வகைப்படுத்தி, குறைந்தது எம்30 என்ற வலுவுள்ள கலவையும், கம்பிக்கு 45 மில்லிமீட்டர் 'கவரும்', அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனமும் கேட்கிறது. உப்பும் ஈரமும் தாக்காத 'லேசான' சூழலுக்கு 20 மில்லிமீட்டர் போதும். கலக்கும் தண்ணீரிலும், கம்பி கட்டிய கான்கிரீட் என்றால் உப்பிலுள்ள குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் கரையில் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொத்தனார் என்ன செய்கிறார்? கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லித் துண்டைச் செருகிவிட்டுக் கான்கிரீட்டைக் கொட்டுகிறார். அவரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. எஸ்டிமேட்டில் கவர் பிளாக்குக்கு, அதாவது அந்த இடைவெளி குறையாமல் கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டைக்கு என்று ஒரு வரி இல்லையென்றால் அவர் தன் கைக்காசைப் போட்டா வாங்குவார்? தளத்துக்கு வரும் பொறியாளராலும் அந்த வரியைப் புதிதாகச் சேர்க்க முடியாது. அதை முடிவு செய்கிற மேசை வேறு ஊரில் இருக்கிறது.

அந்த மேசைக்கு எட்டும்படி பேசுவதற்குத்தான் அரசியல் என்று பெயர். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 360 சதுர அடி, மூன்றரை லட்ச ரூபாய். அந்தத் தொகைக்குள் உப்புக்காற்றுக்கு என்று தனியாக என்ன ஒதுக்கியிருக்கிறது என்று யார் கேட்பது? பயனாளி கேட்க மாட்டார், கிடைத்த வீடு போய்விடுமோ என்று பயப்படுவார். நீங்கள் கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி உங்கள் ஊராட்சி வீடுகளின் எஸ்டிமேட் நகலைக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். என்ன கலவை, எவ்வளவு கவர் என்று அதில் பார்த்துவிட்டு, அந்தக் காகிதத்தோடு கிராமசபைக்குப் போங்கள்.

இனி நீங்கள் பேசாமல் விட்ட அந்தப் புறம்போக்கு விஷயம். இதில்தான் எனக்கு உங்கள் மேல் வருத்தம்.

கரையில் எங்கே எதைக் கட்டலாம், கட்டக் கூடாது என்று காட்டும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத் திட்ட வரைபடங்களை உள்ளூர் அளவில் 1:4000 என்ற விகிதத்தில் போட வேண்டும். அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 40 மீட்டர். உங்கள் ஊர்ப் பெண்கள் கருவாடு காய வைக்கும் களம் அந்தத் தாளில் ஒரு கட்டைவிரல் நகம் அளவுதான் வரும். வலை உலர்த்தும் இடம், வள்ளம் ஏற்றி நிறுத்தும் மணல், எல்லாம் அப்படித்தான். மீனவர்களின் பொது இடங்கள், கருவாட்டுத் தளங்கள், ஐஸ் கட்டி நிலையங்கள் இவற்றையெல்லாம் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2011ஆம் ஆண்டு கடலோர மண்டல அறிவிக்கை எழுத்தில் சொன்னது. குறிக்காமல் விட்டால் அந்த நகம் அளவு இடம் காகிதத்தில் வெறும் காலி நிலம். நாளைக்கு யாராவது வந்து 'சும்மா கிடக்கிற இடம்தானே' என்று சொன்னால், எதைக் காட்டி மறுப்பீர்கள்?

2019 அறிவிக்கையில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஊர்ப்புறக் கரையில் 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசித்தால், கட்டக்கூடாத பகுதி கடலேற்றக் கோட்டிலிருந்து 50 மீட்டர். அதற்குக் குறைவான நெருக்கம் என்றால் 200 மீட்டர். உங்கள் ஊர் எந்த வகையில் வருகிறது, கோடு யார் வீட்டு முற்றத்தில் விழுகிறது என்பதை அந்தச் சபையில் அன்றைக்கு எத்தனை பேரால் படித்துச் சொல்லியிருக்க முடியும்? நீங்கள் ஒருவர்தான். அளவுகோல் என்றால் என்ன என்று ஐந்து வருடம் படித்தவர் அந்தக் கூட்டத்தில் வேறு யார் இருந்தார்கள்?

நீங்கள் போராட்டத்துக்குத் தலைமை தாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வரைபடத்தை மணலில் பெரிதாகக் கோடு இழுத்துக் காட்டினால்கூடப் போதும். 'இதுதான் ஓடை, இதுதான் நம் கோயில், இங்கே 50 மீட்டர்' என்று நடந்து காட்டுங்கள். மற்றதை ஊர்க்காரர்கள் பேசிக்கொள்வார்கள். கடல் எதுவரை ஏறும், எந்த மாதத்தில் எந்தக் கரை அரிக்கும் என்று உங்களைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 1960களில் பம்பாய் மாநகராட்சி ஒரு வளர்ச்சித் திட்ட வரைவை வெளியிட்டபோது, கட்டடக் கலைஞர்கள் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, பொறியாளர் சிரிஷ் படேல் என்று மூன்று பேர் யாரும் கூப்பிடாமல் போய் ஒரு மாற்று யோசனை வைத்தார்கள். நகரத்தை வடக்கே நீட்டாதீர்கள், துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் புது நகரம் கட்டுங்கள் என்றார்கள். விடாமல் எழுதினார்கள், அதிகாரிகளைப் பார்த்தார்கள். 1970ல் அரசு அதை ஏற்று, இன்றைய நவி மும்பையைக் கட்ட சிட்கோ என்ற நிறுவனத்தை அமைத்தது. கொரியாவே அதன் தலைமைக் கட்டடக் கலைஞரானார். தொழில் தெரிந்தவர் வாய் திறந்தால் ஒரு நகரமே எழும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்த நிலத்தில் ஏற்கெனவே வயலும் உப்பளமும் வைத்திருந்த கிராமத்துக்காரர்கள் நட்ட ஈட்டுக்காகப் போராட வேண்டி வந்தது. 1984ல் உரண் பகுதியில் துப்பாக்கிச்சூட்டில் ஐந்து விவசாயிகள் செத்தார்கள். அந்த முன்பாதியை மட்டும் சொல்லி உங்களை உற்சாகப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

கட்சியில் சேரலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் என் கருத்தைச் சொல்கிறேன். சேருவது உங்கள் உரிமை. ஆனால் எந்த மேடையில் பேசினாலும், யாருக்கு வரைந்து கொடுக்கிறீர்கள் என்பதை முதல் வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். அந்தக் கரையில் உங்களுக்கு ஒரு வேலை இருந்தால், அதைப் பற்றிய கூட்டத்தில் நிபுணராக உட்காராதீர்கள். ஒரு தடவை மறைத்து அது வெளியே வந்தால், அதற்கப்புறம் நீங்கள் காட்டும் எந்த அளவையும் ஊர் நம்பாது.

தனியாகவும் போக வேண்டாம். பக்கத்து ஊர் சிவில் பொறியாளர் ஒருவர், நல்ல மேஸ்திரி ஒருவர், அந்த வீட்டு அம்மா மாதிரி கூரையின் கீழ் படுக்கிற ஒருவர், இவர்களோடு போங்கள். மேஸ்திரி பேசினால் ஊர் கேட்கும்.

கிராமசபை இப்போது வருடத்துக்கு ஆறு நாள் நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்குப் பையில் ஒரு கவர் பிளாக்கும், துருப்பிடித்த கம்பித் துண்டும், கருவாட்டுக் களத்தைச் சிவப்பில் குறித்த வரைபடமும் எடுத்துப் போங்கள். இரண்டு தீர்மானங்களை முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள், அங்கே போய் யோசித்தால் நேரம் போய்விடும். தீர்மானப் புத்தகத்தில் வார்த்தை மாறாமல் ஏறியதா என்று படித்துப் பார்த்துவிட்டு நகல் கேளுங்கள். அந்த நகலோடு திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்துக்கும், அப்புறம் முதுகுளத்தூர் தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கும் போகலாம். எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் முழுசாகப் போடுகிறேன்.