மகளின் ஐடி வேலை: ஆஃபர் லெட்டரில் எழுதாத நேரங்கள்

மகளுக்கு கேம்பஸில் சென்னை ஐடி வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் "ராத்திரி பகல் இல்லாத வேலை, நல்லது கெட்டதுக்குக்கூட ஊருக்கு வரமாட்டாள்" என்று சொந்தக்காரர்கள் சொல்வதால் திருநெல்வேலியிலிருந்து அனுப்பத் தயங்குகிறீர்கள். தயங்காமல் அனுப்புங்கள் அம்மா. எந்த நாட்டு கிளையன்ட் (வேலை கொடுக்கும் வாடிக்கையாளர்), என்ன வகை வேலை, ஆன்-கால் (எந்நேரம் கூப்பிட்டாலும் பார்க்க வேண்டிய முறைப்பணி) எத்தனை பேருக்குள் சுற்றுகிறது என்ற மூன்றும்தான் அவள் சாப்பிடும் நேரத்தையும் ஊருக்கு வரும் நாளையும் முடிவு செய்யும். ஒரே தளத்தில் அடுத்தடுத்த இருக்கையில் இருப்பவர்களுக்கே இவை மாறும். அதனால் பக்கத்து வீட்டுப் பையன் படும் பாட்டை வைத்து உங்கள் மகள் வேலையை அளக்காதீர்கள்.

முதலில் கிளையன்ட் கடிகாரம். லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30. நியூயார்க் என்றால் மாலை 6.30 அல்லது 7.30. கலிஃபோர்னியா என்றால் இரவு 9.30 அல்லது 10.30. அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியதும் மீட்டிங் நமக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். ஆனால் கம்பெனி கேப் (ஊழியர்களை ஏற்றிச் செல்லும் கார்) அதே பழைய நேரத்துக்குக் கிளம்பிவிடும். அந்த வாரமே டிரான்ஸ்போர்ட் பிரிவில் சொல்லி நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

வேலை வகையில் டெவலப்மென்ட் (சாஃப்ட்வேர் எழுதுவது) என்றால் பெரும்பாலும் இரண்டு வார ஸ்பிரின்ட், அதாவது இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டிய வேலைப் பகுதி. எழுதியதைப் பயன்பாட்டுக்கு விடும் ரிலீஸ் நாளை ஒட்டித்தான் நெருக்கடி. புரொடக்‌ஷன் சப்போர்ட் என்றால், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேரைக் கவனிக்கும் வேலை என்றால், ஷிஃப்ட் உண்டு. கேம்பஸில் எடுத்தவர்களுக்கு இது ஆஃபர் லெட்டரில் தெரியாது. டிரெய்னிங் முடிந்து பிராஜெக்ட் ஒதுக்கும்போதுதான் தெரியும். கேள்வி கேட்க வேண்டிய நாள் அதுதான்: "கிளையன்ட் எந்த ஊர், ஷிஃப்ட் உண்டா, ஆன்-காலில் எத்தனை பேர், ராத்திரி வேலை செய்தால் காம்ப்-ஆஃப் (ஈடாகத் தரும் லீவு) உண்டா?" எச்.ஆரை விட அதே பிராஜெக்டில் இருக்கும் காலேஜ் சீனியர் சரியான பதில் சொல்வார்.

வீட்டாருக்கு அதிகம் புரியாதது ஆன்-கால்தான். சாஃப்ட்வேர் எந்நேரம் கோளாறு செய்தாலும் எழுந்து பார்க்க வேண்டியவர் அந்த வாரத்தில் ஒருவர். ஐந்து பேர் டீமில் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வரும்; இரண்டே பேர் என்றால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், அது உடம்புக்கு ஆகாது. அந்த வாரத்தில் குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது அலர்ட் (கோளாறு அறிவிப்பு) அடிக்கிறது. ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து விபிஎன் (கம்பெனி நெட்வொர்க்குக்கான பாதுகாப்பான இணைப்பு) போடுகிறாள். அடுத்த வளைவில் சிக்னல் போய் விபிஎன் அறுகிறது. மறுபடி நுழைய ஓடிபி கேட்கும். சிக்னல் இல்லாமல் ஓடிபி வராது. குறித்த நிமிடங்களுக்குள் அலர்ட்டை ஏற்காவிட்டால் அது அடுத்த ஆளுக்கும் பிறகு மேனேஜருக்கும் போகும். பின் சீட்டில் நீங்கள் "இங்கேயும் லேப்டாப்பா?" என்பீர்கள், அவளுக்கு அழுகை முட்டும். பத்து நாள் முன்பே சக ஊழியரோடு வாரத்தை மாற்றிக்கொண்டு, அதை ஆன்-கால் அட்டவணையிலும் திருத்தியிருந்தால் நிம்மதியாகப் போய் வந்திருக்கலாம். வாய்ச்சொல்லாக மாற்றினால் போதாது, அலர்ட் அட்டவணையில் இருக்கும் பெயருக்குத்தான் வரும்.

ஊருக்கு வரும் விஷயத்திலும் கணக்கு இருக்கிறது. ஐடி கம்பெனிகள் இருக்கும் சிறுசேரியிலிருந்து எழும்பூர் ரயில் நிலையம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். வெள்ளி மாலை ஓ.எம்.ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) நெரிசலில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் கிளையன்டோடு 6.30 மீட்டிங்கை முடித்துவிட்டு இரவு ரயிலைப் பிடிக்க முடியாது. வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி உள்ள டீம் என்றால் வியாழன் இரவே ஏறி, வெள்ளியன்று உங்கள் வீட்டு மேஜையில் வேலை பார்க்கலாம். அதற்கு பிராட்பேண்ட் இணைப்பும் ரௌட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் போட்டு வையுங்கள். மின்வெட்டில் லேப்டாப் தாங்கும், ரௌட்டர் தாங்காது.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஜனவரி 13 பயணத்துக்கு நவம்பர் 14 காலை 8 மணிக்கே டிக்கெட் போட வேண்டும். லீவையும் அதே வாரம் போட்டுவிடச் சொல்லுங்கள். பொங்கலுக்கு டீமில் பாதிப் பேர் கேட்பார்கள். டிசம்பர் கடைசியில் கேட்டால் "யாராவது இருக்கணுமே" என்றுதான் பதில் வரும்.

சேரும்போது இரண்டு விஷயங்களில் கவனம். அசல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், ஒப்படைக்கக் கூடாது. நோட்டீஸ் பீரியட் (வேலையை விடுவதாகச் சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம்) எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும். பல கம்பெனிகளில் 60 அல்லது 90. நாளைக்கு வேறு ஊரில் வேலை தேடினால் இந்த இரண்டு மூன்று மாதம்தான் இடிக்கும்.

அவள் சேர்ந்ததும் ஆன்-கால் அட்டவணையைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடச் சொல்லுங்கள். வீட்டில் காதுகுத்து, நிச்சயதார்த்தம் என்று பேச்சு எழுந்தால், நாள் குறிக்கும் முன் அதை ஒருதரம் திறந்து பாருங்கள்.