பழைய படங்களை ஃபிலிமிலேயே தியேட்டரில் போய்ப் பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

கேட்டிருப்பவர் கலிஃபோர்னியாவின் பே ஏரியாவுக்குப் புதிதாகக் குடிவந்தவர். பாலோ ஆல்ட்டோவின் ஸ்டான்ஃபோர்ட் தியேட்டரில் பழைய ஹாலிவுட் படங்களை 35 எம்.எம். ஃபிலிமில் ஓட்டுகிறார்களாமே, அதே படம் வீட்டு டிவியில் பளிச்சென்று கிடைக்கும்போது எதற்கு மெனக்கெட்டுப் போக வேண்டும் என்கிறார். நானும் அந்தப் பக்கம்தான் இருக்கிறேன், அங்கே அடிக்கடி போகிறவன். என் பதில்: அவசியம் போங்கள், அதுவும் சீக்கிரமாக.

டிஜிட்டல் ஃபைல் எந்த ஊரில் ஓடினாலும் ஒன்றுதான். பிரிண்ட், அதாவது தியேட்டரில் ஓட்டும் ஃபிலிம் பிரதி, அப்படியில்லை. எத்தனை தியேட்டர் சுற்றியது, எங்கே அறுந்து ஒட்டுப் போட்டார்கள் என்பதெல்லாம் அதன் உடம்பிலேயே இருக்கும். நம்மூரில் "படத்துல மழை பெய்யுது" என்போமே, அந்தக் கோடுகள் ரீலின் தொடக்கத்திலும் முடிவிலும்தான் அதிகம் விழும். ஆபரேட்டர்களின் கை அதிகம் படுவது அங்கேதான்.

ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையைக் கவனியுங்கள். ஒரு புள்ளி மின்னி மறையும். அதைப் பார்த்ததும் ஆபரேட்டர் அடுத்த ரீல் மாட்டிய இரண்டாவது ப்ரொஜெக்டரின் மோட்டாரை ஓடவிடுவார். ஏழு வினாடி கழித்து இன்னொரு புள்ளி வரும். அந்த நொடியில் முதல் ப்ரொஜெக்டரின் ஒளியை மூடி இரண்டாவதன் ஒளியைத் திறப்பார். நிமிஷத்துக்கு 90 அடி ஓடும் ஃபிலிம், ஒரு ரீலில் அதிகபட்சம் 2000 அடி. ஆக, இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இந்த வேலை நடக்கிறது. நல்ல ஆபரேட்டர் என்றால் மாற்றியதே தெரியாது. எல்லா ரீலையும் ஒன்றாக ஒட்டி ஒரே மெஷினில் ஓட்டிவிடலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறை வெட்டி ஒட்டும்போதும் பிரிண்டுக்குச் சேதம் என்பதால் ஆவணக் காப்பகங்கள் தங்கள் பிரிண்டை அப்படி ஓட்டச் சம்மதிப்பதில்லை. பின்னால் ஒருவர் விழித்துக்கொண்டு நின்று நமக்காகப் படம் ஓட்டுகிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கறுப்பு வெள்ளைப் படத்தை ஃபிலிமில் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். அங்கே கறுப்பு என்பது உண்மையான வெள்ளித் துகள். துகள்கள் பிரேமுக்குப் பிரேம் வேறு வேறாக விழுவதால், வெறும் சுவரைக் காட்டினால்கூட அது லேசாகத் துடிக்கும். டிவியில் அதைச் சுத்தம் செய்கிறேன் என்று முகங்களை மெழுகாக்கிவிடுகிறார்கள்.

கலர் படம் என்றால் விசாரித்துவிட்டுப் போங்கள். 1950களிலிருந்து 80களின் தொடக்கம் வரை போட்ட ஈஸ்ட்மன் கலர் பிரிண்டுகள் பெரும்பாலும் வெளிறி, மொத்தமும் ரோஸ் நிறத்தில் இருக்கும். அதற்கு நல்ல டிஜிட்டல் பிரதியே மேல். சாயத்தை அச்சடித்த பழைய டெக்னிகலர் பிரிண்ட் கிடைத்தால் விடாதீர்கள், அந்தச் சிவப்பு இன்றும் அப்படியே இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்ட் தியேட்டர் 1925இல் கட்டியது. 1987இல் பேக்கார்ட் அறக்கட்டளை வாங்கிப் புதுப்பித்தது. அந்தப் புண்ணியத்தில்தான் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம், இடையில் வுர்லிட்சர் ஆர்கன் இசை என்று இன்னும் நடக்கிறது. எளிதில் தீப்பிடிக்கும் பழைய நைட்ரேட் ஃபிலிமை ஓட்ட வசதியுள்ள மிகச் சில அமெரிக்க தியேட்டர்களில் இதுவும் ஒன்று.

சீக்கிரம் போகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பிரிண்ட் ஓட ஓடத் தேயும், மெஷினுக்கு உதிரிப் பாகம் கிடைப்பது கஷ்டம், வேலை தெரிந்த ஆபரேட்டர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஃப்ரீமாண்ட் பக்கம் என்றால் நைல்ஸில் இருக்கும் எஸ்ஸனே மௌனப்பட மியூசியத்துக்கும் போய் வாருங்கள். சாப்ளின் 1915இல் வந்து எஸ்ஸனே ஸ்டூடியோவுக்காகச் சில படங்கள் எடுத்த ஊர் அது. 1913ஆம் ஆண்டுக் கொட்டகையில் மௌனப்படம் ஓட, பக்கத்தில் ஒருவர் பியானோ வாசிப்பார். பெர்க்லியில் பசிபிக் ஃபிலிம் ஆர்க்கைவ் இருக்கிறது. அங்கெல்லாம் காலண்டரில் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் 35 எம்.எம். அல்லது 16 எம்.எம். என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிசிபி என்றிருந்தால் அது டிஜிட்டல்.